கேன்சர் ட்ரீட்மென்ட்ல இருக்கவங்களுக்கு வாயையும் பல்லையும் எப்டி பாத்துக்கறது, என்ன சாப்பிடக் குடுக்கறது: நம்ம ராம்நாடு கரைப்பக்கத்து ஆளுகளுக்கு

வீட்ல ஒருத்தருக்கு கேன்சர்னு ரிப்போர்ட் வந்துட்டா ஆபரேஷன் எப்ப, கீமோ எத்தன, மதுரையா மெட்ராஸா, காப்பீட்டு கார்டுல வருமா, கூட யாரு போய் தங்குறதுன்னு இதுலயே எல்லாரோட மண்டையும் சுத்திக்கிட்டு இருக்கும், பல்லப் பத்தி யாருக்கும் ஞாபகமே வராது. ஆனா ட்ரீட்மென்ட் ஆரம்பிச்ச ரெண்டு மூணு வாரத்துல ஆளு தட்டத் தள்ளி வைக்க ஆரம்பிச்சா, பல பேருக்கு அதுக்குக் காரணம் வாயிதான். வாய் எரியும், எச்சி ஊறாது, முழுங்க முடியாது, ருசி தெரியாது, அதனால சாப்பாடு கொறையும், சாப்பாடு கொறைஞ்சா எடை எறங்கும், எடை எறங்குனா புண்ணு ஆறவும் லேட்டாகும், கடைசில கரண்டு வைக்கறதையோ (அதான் ரேடியேஷன், கதிர்வீச்சு) கீமோவையோ நடுவுல நிறுத்த வேண்டி வந்துரும். அதனால வாயையும் சாப்பாட்டையும் ரெண்டு வேலையா பாக்காதீங்க, முதல் நாள்லேருந்து ஒரே வேலையா பாருங்க, நான் சொல்ல வர்றது அவ்வளவுதான். எங்க பெரியப்பாவுக்கு வாயில வந்தப்ப கூட இருந்து பாத்தது, டாக்டரம்மாவும் டயட்டீஷியனும் சொல்லிக் குடுத்தது, அப்பறம் தேடிப் படிச்சதுன்னு எல்லாத்தையும் சேத்து எழுதறேன். உங்க டாக்டர் ஏதாவது வேற மாதிரி சொன்னா அவங்க சொல்றதத்தான் கேக்கணும்.

ட்ரீட்மென்ட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பல் டாக்டர்

இதத்தான் முக்காவாசிப் பேரு விட்டுடறோம். வாய், நாக்கு, தொண்டை, கழுத்துப் பக்கம் கரண்டு வைக்கப் போறாங்கன்னா அதுக்கு முன்னாடியே பல் டாக்டர்ட்ட காட்டி ஆடுற பல்லு, சொத்தப் பல்லு, வேர்ல சீழ் வச்ச பல்லு எல்லாத்தையும் சரி பண்ணிரணும், காப்பாத்த முடியாதத புடுங்கிரணும். புடுங்கின எடம் ஆறுறதுக்குக் கொறஞ்சது 2 வாரம் வேணும், 3 வாரம் கெடச்சா இன்னும் நல்லது. ஏன் இவ்வளவு அவசரம்னா, கரண்டு பட்ட தாடை எலும்புக்கு ரத்த ஓட்டம் கொறைஞ்சு போகும், அதுக்கப்பறம் அந்த எடத்துல பல்லப் புடுங்குனா புண்ணு மூடாம எலும்பு வெளிய தெரிஞ்சு அழுக ஆரம்பிக்கலாம். இந்த ஆபத்து ஒரு வருசத்துலயோ ரெண்டு வருசத்துலயோ முடியாது, வாழ்நாள் பூரா கூடவே இருக்கும். அதுக்காக பல்லு வேலைய சாக்கு வச்சு கேன்சர் ட்ரீட்மென்ட்ட தள்ளிப் போடவும் கூடாது, பல் டாக்டரையும் கரண்டு வைக்கிற டாக்டரையும் ஒருத்தருக்கொருத்தர் பேச வச்சு தேதி போடுங்க.

பல் டாக்டர்ட்ட போறப்ப பயாப்ஸி ரிப்போர்ட்டு, கரண்டு எந்தப் பக்கம் எத்தன நாள்னு எழுதுன சீட்டு, சாப்பிடுற மாத்திரை லிஸ்ட்டு மூணையும் கொண்டு போங்க. ராம்நாடு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியிலயே பல்லக் காட்டிட்டு அப்பறம் மதுரைக்குப் பொறப்படலாம், ராமேஸ்வரத்துலேருந்து மதுரை கிட்டத்தட்ட 170 கிலோமீட்டர், பல்லுக்குன்னு தனியா அங்க அலையணும்னு இல்ல.

வாய்க்கும் கேன்சருக்கும் சம்பந்தமே இல்லையே, எங்க அம்மாவுக்கு மார்ல தான வந்துருக்குன்னு கேப்பீங்க. கீமோ ஏத்துனா ரத்தத்துல வெள்ளையணு கொறையும், அந்த நேரத்துல வாயில ஒரு சீழ் வச்ச பல்லு இருந்தா அங்கேருந்தே உடம்பு பூரா இன்பெக்‌ஷன் ஏறிரும். அப்பறம் எலும்புக்குப் பரவிருந்தா ஜோலெட்ரானிக் ஆசிட்னு ஒரு ஊசி, இல்லாட்டி டெனோசுமாப்னு ஒண்ணு போடுவாங்க, அது போட்டவங்களுக்கும் பல்லு புடுங்குனா தாடை எலும்பு ஆறாமப் போற வாய்ப்பு இருக்கு. அதனால அந்த ஊசி போடறதுக்கு முன்னாடியும் ஒரு தடவ பல்லக் காட்டிரணும். கீமோ ஓடிக்கிட்டு இருக்கறப்ப பல்லு வலி வந்தா ஓடிப்போய் புடுங்காதீங்க, ரத்தம் டெஸ்ட் பண்ணி வெள்ளையணுவும் தட்டணுவும் (ரத்தத்த உறைய வைக்கிற பிளேட்லெட்) பாத்துட்டுத்தான் கை வைக்கணும், கேன்சர் டாக்டர்ட்ட கேக்காம ஒண்ணும் பண்ணக்கூடாது.

தெனமும் வாயச் சுத்தம் பண்றது

ரொம்ப சாப்ட்டான பிரஷ்ஷா வாங்குங்க, சின்னப் பிள்ளைக பிரஷ்ஷு கூட நல்லாருக்கும், தேய்க்கறதுக்கு முன்னாடி வெதுவெதுப்பான தண்ணில கொஞ்ச நேரம் முக்கி வச்சா இன்னும் மெதுவாகும். காலைல ஒரு தடவ, ராத்திரி ஒரு தடவ, முடிஞ்சா ஒவ்வொரு தடவ சாப்ட்ட பின்னாடியும். நம்ம ஊர்ப் பெரிய ஆளுக இன்னமும் சாம்பல், கரித்தூளு, செங்கப்பொடி, வேப்பங்குச்சின்னு தேய்ப்பாங்க, சில பேரு போயிலப் பொடியக் கூட வச்சுத் தேய்ப்பாங்க, அது எல்லாத்தையும் இப்ப நிறுத்தியே ஆகணும், புண்ணு மேல சொரசொரப்பா எது பட்டாலும் அது இன்னொரு புண்ணு. பேஸ்ட்டு காந்துச்சுன்னா பொதினா காரம் இல்லாத பேஸ்ட்டா மாத்திப் பாருங்க. தட்டணு ரொம்பக் கொறஞ்சு ஈறுல ரத்தம் கசிஞ்சா, பிரஷ்ஷு போடலாமா இல்ல ஈரத்துணிய வச்சுத் தொடச்சா போதுமான்னு டாக்டர்ட்ட கேட்டுக்கோங்க.

கொப்பளிக்கறதுக்கு விலை ஒசந்த மவுத்வாஷ் எதுவும் வேணாம், கடைல விக்கிறதுல நெறைய ஆல்கஹால் கலந்தது, வாய இன்னும் காய வச்சு எரிய விடும். வீட்லயே செய்யலாம். 1 லிட்டர் கொதிக்க வச்சு ஆற வச்ச தண்ணி, அதுல 1 டீஸ்பூன் சோடா உப்பு, அரை டீஸ்பூன் சாதா உப்பு. சோடா உப்புன்னா ஆப்பத்துக்குப் போடறது, கேக்குக்குப் போடுற பேக்கிங் பவுடர் இல்ல, மாத்தி வாங்கிராதீங்க. ஒரு நாளைக்கு ஒரு பாட்டில், மிச்சம் இருந்தாலும் மறுநாள் ஊத்திட்டு புதுசா கலக்கணும். முழிச்சிருக்கற நேரம் பூரா ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா ஒரு வாய் வச்சு மெதுவா சுழட்டித் துப்பணும், முழுங்கக் கூடாது. இங்க ஒரு விசயம், நம்ம கரைல போர் தண்ணி பல எடத்துல உப்பு, சில ஊர்ல வாயில வைக்கவே முடியாது, அதுல இதக் கலக்காதீங்க, காவிரித் தண்ணியோ கேன் தண்ணியோ எடுத்து கொதிக்க வச்சுக்கோங்க. மதுரைக்கு பஸ்ஸுல, ட்ரெயின்ல போய் வர்றவங்க கைப்பைல எப்பவும் ஒரு சின்ன பாட்டில்ல வச்சுக்கிட்டா நல்லது, பரமக்குடி தாண்டுறதுக்குள்ளயே வாய் வறண்டுரும்.

பல் செட்டு போட்டவங்க ராத்திரி கழட்டி கழுவி தண்ணில போட்டு வைக்கணும், புண்ணு இருக்கறப்ப சாப்பிடறதுக்கு மட்டும் போட்டா போதும். தெனம் சாயங்காலம் செல்லுல டார்ச்ச அடிச்சு வாய்க்குள்ள பாருங்க, கன்னம், நாக்குக்கு அடில, அண்ணம். தயிர் படிஞ்ச மாதிரி வெள்ளையா இருந்து தொடச்சா அடில செவப்பா தெரிஞ்சா அது காளான் இன்பெக்‌ஷனா இருக்கலாம், அதுக்கு மருந்து இருக்கு, டாக்டர்ட்ட காமிங்க. அது பாட்டுக்குப் போயிரும்னு விட்டா சாப்பாடு நின்னுரும்.

புண்ணு வந்தப்பறம்

கீமோன்னா ஏத்துன ஒரு வாரத்துக்குள்ள புண்ணு ஆரம்பிச்சு ரெண்டாவது வாரத்துல உச்சத்துக்குப் போய் அப்பறம் ஆறும். கரண்டுன்னா வாரம் 5 நாள் வீதம் 6, 7 வாரம் வைப்பாங்க, ரெண்டாவது மூணாவது வாரத்துல புண்ணு தலகாட்டும், முடியிற வரைக்கும் ஏறிக்கிட்டேதான் போகும், முடிஞ்ச பின்னாடி ரெண்டுலேருந்து நாலு வாரம் ஆகும் ஆறுறதுக்கு. இந்தக் கணக்கு முன்னாடியே தெரிஞ்சா ஆளு பயப்பட மாட்டாங்க. முதல் ரெண்டு வாரத்துல நல்லா சாப்பிட முடியிறப்பவே நல்லா சாப்பிட வச்சிருங்க.

வலிக்கு வெக்கப்பட்டுக்கிட்டு சும்மா இருக்க வேணாம். நம்ம ஆளுக கடல்ல போய் பழகுனவுக, தாங்கிக்கிருவேன்னு சொல்லியே சாப்பாட்ட விட்ருவாக. டாக்டர்ட்ட சொல்லி வலி மாத்திரை வாங்கி சாப்பிடறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி குடுங்க, வாய மரக்க வைக்கிற ஜெல்லும் எழுதிக் குடுப்பாங்க, ஆனா அது போட்டா சூடு தெரியாது, பொற ஏறவும் வாய்ப்பிருக்கு, அதனால ஆறுன சாப்பாடா நிமுந்து உக்காந்து மெதுவா. கிராம்புத் தைலம், படிகாரம், காரமான கை வைத்தியம் எதையும் அந்தப் புண்ணு மேல வைக்காதீங்க.

5 எஃப்யூன்னு ஒரு கீமோ மருந்து இருக்கு, அத சட்டுன்னு ஊசில ஏத்துறப்ப அரை மணி நேரம் ஐஸ்கட்டிய வாயில வச்சு சப்புனா புண்ணு கொறையும், இது நல்லா நிரூபிச்ச விசயம். ஆனா கூட ஆக்ஸாலிபிளாட்டின்னு மருந்து ஏறுனா ஐஸே ஆகாது, குளிர்ச்சி பட்டா நரம்பு சுண்டி இழுக்கும், அதனால நர்ஸுட்ட கேட்டுட்டு செய்யுங்க. ஐஸுன்னதும் நம்ம ஊர்ல எங்கிட்டு பாத்தாலும் கெடைக்குமேன்னு கம்பெனி ஐஸ் பார வாங்கிராதீங்க, அது மீனுக்குப் போடறது, வாயில வைக்கறதுக்கு இல்ல. கொதிச்சு ஆறுன தண்ணிய வீட்டு பிரிட்ஜ்லயே வச்சு எடுத்துக்கோங்க.

சாப்பாடு

முதல்ல இந்தப் பத்தியத்தப் பத்தி சொல்லிரணும், எனக்கு ரொம்ப வருத்தமான விசயம் இது. யாராவது வந்து பாத்துட்டுப் போறப்ப மீன் கரப்பான், முட்டை சூடு, பால் சளி, சீனி சாப்ட்டா கேன்சர் வளரும்னு ஒவ்வொண்ணா சொல்லிட்டுப் போவாக, வீட்ல உள்ளவங்களும் பயந்து எல்லாத்தையும் நிறுத்தி வெறும் கஞ்சித் தண்ணியும் எளநியும் குடுப்பாங்க. ஆளு ஒரு மாசத்துல சட்டை தொங்குற அளவுக்கு எளைச்சுரும். புண்ணு ஆறவே புரதம்தான் வேணும், மீன் அதக் குடுக்குது, கெடுக்கல. சீனிய நிறுத்திட்டா கேன்சர் பட்டினி கெடந்து செத்துரும்னு சொல்றதுக்கு ஆதாரம் இல்ல, பட்டினி கெடக்கறது நம்ம ஆளுதான்.

கணக்கு இதுதான். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1.2 லேருந்து 1.5 கிராம் புரதம், 25 லேருந்து 30 கலோரி. 50 கிலோ ஆளுன்னா 60 லேருந்து 75 கிராம் புரதம், 1250 லேருந்து 1500 கலோரி. மலைப்பா இருக்கும், ஆனா 3 முட்டைல 18 கிராம் வந்துரும், அரை லிட்டர் பால்ல 16, முள்ளு எடுத்த மீன் சதை 150 கிராம்ல கிட்டத்தட்ட 30, அவ்வளவுதான், 64 ஆச்சு, சோறு பருப்புல வர்றது தனி. கிட்னிப் பிரச்சன இருக்கவங்க, சுகர் இருக்கவங்க மட்டும் டயட்டீஷியன்ட்ட கேட்டு இத மாத்திக்கணும்.

மூணு வேளைன்னு வைக்காதீங்க, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா ஒரு சின்ன கிண்ணம். நம்ம கரைல இதுக்கு ஏத்த சாப்பாடு நெறைய இருக்கு, பக்குவத்த மட்டும் மாத்தணும். சுறாப்புட்ட எடுத்துக்கோங்க. பால் சுறாவ மஞ்சள் போட்டு நல்லா வேக வச்சு, மணலு மாதிரி இருக்கற தோல உரிச்சு, நடுவுல இருக்கற குருத்தெலும்ப எடுத்துட்டு, சதைய வெரலாலயே பிச்சு உதிர்த்து தண்ணியப் புழிஞ்சு வைங்க, எங்கயும் கட்டி தட்டுப்படாத வரைக்கும் உதிர்க்கணும். சின்ன வெங்காயத்தப் பொடியா நறுக்கி நல்லெண்ணைல கொழையிற வரைக்கும் வதக்கி, சதையப் போட்டுக் கெளறி, கெட்டித் தேங்காப்பால ஊத்தி ஈரமாவே எறக்கிருங்க. மொளகா, மொளகு, இஞ்சி, கடுகு ஒண்ணும் வேணாம். உதிரியா இருந்தா தொண்டைல ஒட்டும், எச்சி இல்லாத வாய்க்கு ஈரம்தான் முக்கியம். கொழைஞ்ச சோத்துல பெசஞ்சு ஆற வச்சுக் குடுத்தா பெரியப்பா வேற எது வேணாம்னு சொன்னாலும் இத சாப்ட்டாரு. சுறா கெடைக்காட்டி சீலா, வெளமீன், பாறைன்னு பெரிய மீனா வாங்கி முள்ளெடுத்து செய்யுங்க, நெத்திலி, சூடையெல்லாம் ருசிதான் ஆனா பொடி முள்ளு புண்ணுல குத்தும். ஏப்ரல் 15 லேருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலத்துல விசைப்படகு போகாது, மீன் வெல ஏறிரும், அப்ப முட்டையும் கோழியும் பாசிப்பருப்பும் வச்சு ஈடு கட்டுங்க, கருவாட்டுக்குப் போயிராதீங்க, அந்த உப்பு புண்ணுக்கு ஆகவே ஆகாது.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் நோம்புக்கஞ்சி காய்ச்சுவாகல்ல, அது மாதிரி ஒரு சாப்பாடு இதுக்குக் கெடைக்காது. பச்சரிசி, பாசிப்பருப்பு, கொஞ்சம் வெந்தயம், பூண்டு, கொத்துக்கறி, தேங்காப்பால், எல்லாம் ஒரே சட்டில. மொளகாயும் பட்ட கிராம்பும் இஞ்சியும் போடாம கறிய நல்லா வேக வச்சு மொத்தத்தையும் மிக்ஸில ஒரு சுத்து சுத்தி, ஸ்பூனால குடிக்க வைங்க. முழுங்க ரொம்பக் கஷ்டம்னா இன்னும் கொஞ்சம் பால் ஊத்தித் தளர்த்தலாம். கேப்பக்கூழ், அவிச்ச முட்டைய மசிச்சு வெண்ணெய் போட்டது, இட்லிய பால்ல ஊற வச்சது, ஆணத்துல (கொழம்புல) காரம் போடாம தேங்காப்பால் மட்டும் ஊத்தி வச்ச மீன், இதெல்லாமும் போகும். எதுலயும் ஒரு ஸ்பூன் நெய்யோ எண்ணையோ கூட ஊத்துங்க, கொஞ்ச சாப்பாட்டுலயே கலோரி ஏறும்.

நம்ம முண்டு மொளகாய்க்கு 2023ல புவிசார் குறியீடே கெடச்சிருச்சு, பெருமைதான், ஆனா இந்த ரெண்டு மூணு மாசம் நோயாளி தட்டுல அது வேணாம். புளி, தக்காளி, எலுமிச்ச, ஊறுகா, ரசம், முறுக்கு, பொரிச்சது, நார் நாரா வர்ற பனங்கெழங்கு எல்லாம் அதே மாதிரி ஒதுக்கி வைங்க. நுங்கு நல்லது, தோலெடுத்து மசிச்சுக் குடுத்தா வாய் குளுரும், ஆனா அது பூரா தண்ணிதான், அத சாப்பாட்டுக் கணக்குல சேக்காதீங்க. வெள்ளையணு கொறஞ்ச நேரத்துல ஆஃப்பாயில், ரோட்டுல அறுத்து வச்ச பழம், வெந்தும் வேகாத நண்டு, கணவாய் கூடாது.

இப்ப ஒரு சிக்கல். தெம்புக்கு இனிப்பும் வேணும், எச்சி இல்லாத வாயில இனிப்பு பல்லயும் அரிச்சுரும். வாய் வறட்சிக்குன்னு பனங்கற்கண்ட நாள் பூரா வாயில ஒதுக்கி வச்சிருக்கறது நம்ம பக்கம் ரொம்பப் பேருக்குப் பழக்கம், அதுவும் கருப்பட்டியும் பதநீரும் பல்லுக்கு சீனி மாதிரிதான், பனைலேருந்து வந்ததுங்கறதால பல்லு விட்டு வைக்காது. பாயாசமோ பாலோ சாப்பாட்டு நேரத்துல குடுங்க, முடிஞ்சதும் அந்த சோடா உப்புத் தண்ணில கொப்பளிக்க வைங்க. வறட்சிக்கு அடிக்கடி வெறும் தண்ணி, சர்க்கரையில்லாத சூயிங்கம், ஒதட்டுக்கு வாஸ்லின்.

வாரம் ஒரு தடவ ஒரே மிஷின்ல எடை பாத்து எழுதி வைங்க. ஒரு மாசத்துல நூத்துக்கு அஞ்சு கொறஞ்சா, அதாவது 60 கிலோ ஆளு 3 கிலோ எறங்குனா, அடுத்த அப்பாயின்மென்ட் வரைக்கும் காத்திருக்காம உடனே சொல்லணும். கரண்டு வைக்கறப்ப மூஞ்சிக்கு ஒரு வலை மாஸ்க் போடுவாங்க, எளைச்சா அது லூஸாகி கரண்டு விழ வேண்டிய எடமே தள்ளிப் போகலாம், திரும்ப அளவெடுக்கணும். டாக்டர் மூக்கு வழியாவோ வயித்து வழியாவோ ட்யூப் போடலாம்னு சொன்னா கடைசிக் கட்டம்னு நெனச்சு அழாதீங்க, பல பேருக்கு புண்ணு ஆறுற வரைக்கும்தான் அது. ட்யூப்ல சாப்ட்டாலும் பல்லு தேய்க்கறதும் கொப்பளிக்கறதும் நிக்கக்கூடாது, டாக்டர் முழுங்கலாம்னு சொன்னா கொஞ்சம் கொஞ்சம் தண்ணிய முழுங்கிக்கிட்டே இருக்கணும், இல்லாட்டி தொண்டைக்கு முழுங்குற பழக்கமே போயிரும்.

வாய் தொறக்கறது

நடு மூணு வெரல சேத்து நெட்டுக்குத்தா வச்சு வாய்க்குள்ள போகுதான்னு பாக்கச் சொல்லுங்க, அவங்க வெரலு, நம்ம வெரல் இல்ல. வெத்தல பாக்கு போட்டே கன்னம் இறுகிப் போனவங்களுக்கு ஏற்கனவே கொறவாத்தான் போகும், கரண்டுல இன்னும் இறுகும். பெரியப்பாவுக்கு மூணு வெரலு தாராளமா போயிக்கிட்டு இருந்தது கரண்டு முடியிற சமயத்துல ரெண்டுதான் போச்சு, தேங்கா உரிச்சு உரிச்சுக் காய்ப்பு ஏறுன அந்தக் கையால தெனம் அவரே வச்சுப் பாப்பாரு. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் குடுத்த மாதிரி வாய முடிஞ்ச அளவு தொறந்து கொஞ்ச நேரம் புடிச்சு விடறது, தாடைய அங்கிட்டும் இங்கிட்டும் அசைக்கறது, ஐஸ் குச்சிய அடுக்கி பல்லுக்கு நடுவுல வச்சு ஒவ்வொண்ணா கூட்டறது, இத ட்ரீட்மென்ட் தொடங்குன நாள்லேருந்தே செய்யணும். இறுகுன பின்னாடி பிரிக்கறது கஷ்டம், வாய் தொறக்காட்டி பிரஷ்ஷும் போகாது ஸ்பூனும் போகாது.

முடிஞ்ச பின்னாடி

எச்சி திரும்பறதுக்கு மாசக்கணக்காகும், சில பேருக்கு முழுசா வரவே வராது. எச்சிதான் பல்லுக்குக் காவல், அது இல்லாட்டி நல்ல பல்லு கூட ஈறு ஓரத்துல சுத்தி அரிச்சு ஒடிஞ்சு விழும். அதனால ப்ளூரைடு அதிகமா இருக்கற, 5000 பிபிஎம் பேஸ்ட்டோ ஜெல்லோ பல் டாக்டர்ட்ட எழுதி வாங்கி தெனம் போடணும், போட்டு அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது. மூணு மாசத்துலேருந்து ஆறு மாசத்துக்குள்ள ஒரு தடவ பல்லக் காட்டுங்க.

போயிலை, ஹான்ஸ், பாக்கு ஒண்ணும் திரும்ப வாய்க்குள்ள போகக்கூடாது. போயில இல்லாம வெறும் பாக்குதானன்னு சொல்லுவாக, வெறும் கொட்டப்பாக்கே கேன்சர உண்டாக்கும்னு உலக சுகாதார அமைப்போட ஆராய்ச்சிப் பிரிவு 2004லயே சொல்லிருச்சு. கடலுக்குப் போறப்ப தூக்கம் வராம இருக்க போடறதுன்னு கூட போறவங்க நீட்டுவாங்க, அவங்கள்ட்டயும் முன்னாடியே பேசி வைங்க.

எப்ப தாமதிக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னா, கீமோ ஓடுறப்ப காய்ச்சல் 100.4 ஃபாரன்ஹீட்டத் தொட்டா, வாயில ரத்தம் நிக்காம வந்தா, ஒரு நாள் பூரா தண்ணி கூட எறங்காட்டி. ராத்திரின்னாலும் 108க்கு போன் பண்ணுங்க, பாராசிட்டமால் போட்டு விடிய விடிய பாக்க வேணாம்.

அப்பறம் கரண்டு எந்தப் பக்கம், எவ்வளவு டோஸ், எந்த மாசம் முடிஞ்சதுன்னு இருக்கற டிஸ்சார்ஜ் சம்மரிய ஜெராக்ஸ் எடுத்து லேமினேட் பண்ணி ஆதார் கார்டோட வச்சிருங்க, செல்லுலயும் ஒரு போட்டோ. பத்து வருசம் கழிச்சு ஏதோ ஒரு கிளினிக்ல பல்ல எடுத்துரலாம்னு சொன்னா, நாற்காலில உக்காரறதுக்கு முன்னாடியே அந்தத் தாளக் காமிக்கணும்.